வாகனமான பகைவர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை வடக்கே கட்டுமாவடியில் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீன் ஏலத்துக்குப் பேர்போன ஊர். கடலுக்கு அப்பால் இலங்கை. கரையோரமாகவே வடக்கே போனால் கோடியக்கரையில் இராமர் பாதம் இருக்கிறது. தெற்கே போனால் தேவிபட்டினத்து நவபாஷாணம், அதற்கும் தெற்கே இராமேசுவரம். பாக் நீரிணையின் இந்தக் கரை முழுக்க இராமகாதை மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. தவறு செய்தவன் மேல் இரக்கம் வந்தால் அவனை மன்னித்துத்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான கரை தமிழ்நாட்டில் இல்லை.

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தது ஒரு கணினி விளையாட்டு. கட்டுமாவடியில் இருக்கும் என் அக்கா மகன் 'டிராகன் ஏஜ்' ஆடுகிறவன். 2014இல் வந்த 'இன்குவிசிஷன்' பாகத்தில் சோலஸ் என்றொரு பாத்திரம் நாயகனின் கூட்டாளியாக வருகிறான். அமைதியானவன், படித்தவன், தனிமையில் வாடுகிறவன். கடைசியில்தான் அவன் யாரென்று தெரிகிறது. ஒரு காலத்தில் அடிமைப்பட்டுக் கிடந்த தன் இனத்தாரை விடுவிக்கக் கிளர்ந்தவன் அவன். தங்களைத் தெய்வங்களாக்கிக்கொண்ட கொடுங்கோலர்களைச் சிறைவைக்கக் கனவுலகுக்கும் நனவுலகுக்கும் நடுவே ஒரு திரையை எழுப்பினான். அந்தத் திரையால் அவன் இனமே சாகாவரத்தை இழந்தது. இப்போது திரையைக் கிழித்துப் பழைய உலகை மீட்கப் பார்க்கிறான். கிழித்தால் இன்றைய உலகில் எண்ணற்றோர் சாவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பத்தாண்டு காத்திருப்புக்குப் பின் 2024 அக்டோபரில் வந்த 'தி வெயில்கார்ட்' பாகத்தில் அவன் முடிவை ஆடுகிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவனோடு போரிடலாம், ஏமாற்றலாம், மனம் திருப்பலாம்.

"மாமா, அவன் செஞ்சது தப்புதான், யாரு இல்லைங்குறா? ஆனா அவன் ஏன் செஞ்சான்னு ஒரு தடவ கேட்டுட்டா, அப்புறம் அவன அழிக்க மனசு வரமாட்டேங்குது" என்றான் பையன்.

இந்தப் பேச்சில் இரண்டு காரியங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ஒருவன் ஏன் செய்தான் என்று அறிவது ஒன்று. அவனை விடுவிப்பது வேறொன்று. விளையாட்டுகளைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலும் முதலாவது வந்ததுமே இரண்டாவதும் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்க் கதை மரபு இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. எப்படிப் பிரித்தது என்பதைப் பார்த்தால் சோலஸின் வழக்கிலும் தெளிவு பிறக்கும் என்பது என் துணிபு.

கம்பரிடமிருந்து தொடங்கலாம். முதல் நாள் போரில் தேரும் படைக்கலமும் இழந்து வெறுங்கையோடு நிற்கும் இராவணனை இராமன் கொல்லாமல் அனுப்பிவைக்கிறான். நகரத்துக்குள் நுழையும் அந்த மன்னன் எதை நினைத்துக் கூசினான்? தேவர்கள் சிரிப்பார்களே என்றா, பகைவர் எள்ளுவார்களே என்றா? அதெல்லாம் அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. சீதை சிரிப்பாளே என்று நாணிக் குன்றினான் என்கிறார் கம்பர். பிறன் மனைவியைக் கவர்ந்து வந்தவனின் நெஞ்சுக்குள் இவ்வளவு ஆழமாக இறங்கிப் பார்க்கக் கவிஞருக்குப் பெரிய பரிவு வேண்டும். அவன் மாண்ட பிறகும் அந்தப் பரிவு குறையவில்லை. சினமும் ஆசையும் அடங்கியதால் இறந்த முகங்கள் உயிரோடிருந்த நாளைவிட மும்மடங்கு ஒளிவிட்டன என்று பாடுகிறார். மண்டோதரியைப் புலம்பவிடுகிறார். சானகி மேல் வைத்த காதல் எங்கே ஒளிந்திருக்கிறதோ என்று அம்பு அவன் உடலெங்கும் தேடியதோ என அவள் அழும் இடத்தைப் படித்துவிட்டு இராவணனை வெறுமனே அரக்கன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆனாலும் கம்பர் அவனைத் தப்பவிடவில்லை. வழி கிடைக்காமல் அவன் சாகவும் இல்லை. அனுமன் வந்து சொன்னான். வீடணன் மன்றாடினான். சீதையைச் சிறைவைத்தது தவறென்று கும்பகருணன் அவையிலேயே சொன்னான். அங்கதன் தூது வந்தான். அந்த ஆசையை விட்டுவிடு என்று கடைசியில் பெற்ற மகன் இந்திரசித்தே கெஞ்சினான். முதல் நாள் போரில் இராமன் திருப்பி அனுப்பியதும் ஒரு வாய்ப்புத்தான். இத்தனை வாசல்களைத் திறந்து வைத்த பிறகுதான் கம்பர் அவனைச் சாகவிடுகிறார். அ.ச. ஞானசம்பந்தன் தம் ஆய்வு நூலுக்கு 'இராவணன் மாட்சியும் வீழ்ச்சியும்' என்று பெயரிட்டார். மாட்சியைச் சொன்னதால் வீழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. வீழ்ச்சிக்காக மாட்சியைக் குறைக்கவும் இல்லை. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய நாள் முதல், இந்தச் செட்டிநாட்டு, புதுக்கோட்டை வட்டாரத்து மேடைகளில் பட்டிமன்றத்துக்குப் பட்டிமன்றம் பேசப்படுவதும் இந்த இரட்டைப் பார்வைதான்.

விளையாட்டு உலகிலும் இதற்கு இணை உண்டு. 2019இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டசி 14'இன் 'ஷேடோபிரிங்கர்ஸ்' பாகத்தில் எமெட்-செல்க் என்பவன், அழிந்துபோன தன் உலகை மீட்க இன்றைய உலகங்களைப் பலியிடுகிறவன். தோற்றுச் சாகும்போது அவன் மன்னிப்புக் கேட்பதில்லை. நாங்களும் வாழ்ந்தோம் என்பதை மறந்துவிடாதே என்று மட்டும் கேட்கிறான். ஆடியவர்கள் அவனை மறக்கவே இல்லை. நினைவு கிடைத்தது, மன்னிப்புக் கிடைக்கவில்லை. அந்தக் கதையை எழுதியவர்கள் கம்பரைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் நியாயம் அதேதான்.

இருபதாம் நூற்றாண்டில் தமிழகம் இராவணன் வழக்கை மறுபடியும் எடுத்தது. அப்போது யாரும் அவனுக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. தீர்ப்பே தவறு என்றார்கள். எம்.எஸ். பூரணலிங்கம் பிள்ளை 1928இல் இராவணனைப் பெருமன்னனாக வைத்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். 1943இல் கம்பராமாயணத்தைப் பற்றி அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையோடும் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் மேடையில் மோதினார். அந்த உரைகள் 'தீ பரவட்டும்' என்று நூலாயின. புலவர் குழந்தை 1946இல் 'இராவண காவியம்' வெளியிட்டார். 1948இல் அன்றைய காங்கிரசு அரசு அதைத் தடை செய்தது, 1971இல் தி.மு.க. ஆட்சியில்தான் தடை நீங்கியது. நாடக மேடையில் ஆர்.எஸ். மனோகர் 'இலங்கேஸ்வரன்' ஆடினார். ஒரு காப்பியப் பாத்திரம் குற்றவாளியா இல்லையா என்பதற்காக ஓர் அரசு நூலைத் தடை செய்து, இன்னோர் அரசு இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து அதை விடுவித்தது என்றால், இங்கே கதை மாந்தர் யாருக்கும் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை.

இவற்றுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' நாடகம். இரக்கம் என்ற ஒன்று இல்லாதவன் என்று இராவணன் மேல் கம்பர் சாட்டிய குற்றத்தை நீதிதேவனின் மன்றம் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது. இராவணன் தன் வழக்கைத் தானே வாதாடுகிறான். நீங்கள் போற்றுகிறவர்கள் இரக்கத்தோடுதான் நடந்தார்களா என்று கேட்டு, அரிச்சந்திரனை வதைத்த விசுவாமித்திரர் போன்றவர்களைக் காட்டுகிறான். நீதிதேவன் பதில் சொல்ல முடியாமல் மயங்கி விழுகிறான். வாதம் அசைக்க முடியாதது. அரிச்சந்திரன் நாடகத்தை அறந்தாங்கி வட்டாரத் திருவிழாக்களில் விடிய விடியப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் உறைக்கும். சந்திரமதி மகன் பிணத்தோடு சுடுகாட்டில் நிற்கிறாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்த முனிவர் கடைசியில் வாழ்த்திவிட்டுப் போகிறார். அவரை மன்னிக்கலாமா என்று யாரும் அவளைக் கேட்டதாக நான் பார்த்ததில்லை.

ஆயினும் அந்த விசாரணையில் சாய்வது நீதிபதியின் நாற்காலி. ஒரே செயலுக்கு ஒருவனை முனிவன் என்றும் இன்னொருவனை அரக்கன் என்றும் சொல்லும் தராசு பொய்த் தராசு என்று அது நிறுவுகிறது. அந்த நிறுவல் தேவையானது, நியாயமானது. சாதியையும் இனத்தையும் வைத்து யாரை வில்லனாக்குவது என்று முடிவு செய்த மரபை அப்படித்தான் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் நீதிபதி மயங்கி விழுந்ததால் அசோகவனத்தில் இருந்தவளின் துயரம் இல்லாமல் போய்விடாது. தீர்ப்பு சொன்னவர்களின் யோக்கியதை ஒரு வழக்கு, தீங்குக்கு ஆளானவளின் கணக்கு இன்னொரு வழக்கு.

இனி அருள் பக்கம் வரலாம். தமிழர் பலர் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. இராவணனுக்கு மிக அதிகமாக மன்னிப்பு வழங்கியவர்கள் சைவக் குரவர்கள். திருஞானசம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு பெரும்பாலும் அவனுக்கு ஒதுக்கப்பட்டது. கயிலையைப் பெயர்க்கப் போனான், சிவன் கால்விரலை ஊன்றினான், மலைக்கடியில் நசுங்கி அலறினான், பாடித் தொழுதான், நாளும் வாளும் பெற்றான். மீமிசலுக்குத் தெற்கே, இதே புதுக்கோட்டைக் கடலோரத்தில் உள்ள திருப்புனவாசலும் சம்பந்தர் பாடிய தலம்தான். இந்தப் பக்கத்துக் கோயில்களுக்குத் தேவாரத்தில் வரும் இராவணன் புதியவனல்லன். திருநாவுக்கரசரோ பல பதிகங்களை இராவணனோடுதான் முடிக்கிறார். சமணம் போய், சூலை நோயில் துடித்துத் திரும்பி வந்தவர் அவர். மலைக்கடியில் கிடந்தவனுக்கே அருள் கிடைத்ததென்றால் எனக்கும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்குச் சொந்த நம்பிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்த மன்னிப்பு செல்லும். ஏனென்றால் மலை சிவனுடையது, அதிர்ச்சி உமையுடையது, மன்னித்தவனும் அந்தச் சிவனே. தீங்கு யாருக்கோ அவன் கையிலிருந்தே விடுதலை வந்தது. ஆனால் காலவரிசையைக் கவனியுங்கள். இந்த அருளுக்குப் பிறகுதான் சீதையைக் கவர்ந்த கதை. கயிலையில் மன்னிக்கப்பட்டவன் பஞ்சவடியில் திருந்தியவனாக இல்லை. சடாயுவின் சிறகை வெட்டி வீழ்த்தியதும் சிவன் கொடுத்த வாள்தான். ஒருவனுக்குக் கிடைத்த மன்னிப்பு அவனை நல்லவனாக்கிவிட்டதற்குச் சான்றாகாது. ஓரிடத்தில் கிடைத்த மன்னிப்பு மற்றோரிடத்துக் குற்றத்துக்குச் செல்லாது.

இந்த இராவணனைப் பார்க்க வேண்டுமானால் சிவன் கோயில் பிரமோற்சவத்துக்குப் போக வேண்டும். கயிலாச வாகனம், இராவணேசுவர வாகனம் என்று இரண்டு பேரும் அதற்கு வழங்குகின்றன. மரத்தில் செதுக்கிய பத்துத் தலை, வண்ணம் தீட்டிய மீசைகள், விரிந்த கைகள், ஒரு கையில் வீணை. தோளுக்கு மேலே மலை, மலைக்கு மேலே அலங்காரத்தோடு சுவாமியும் அம்பாளும். சீர்பாதம் தாங்கிகள் தண்டியத்தைத் தோளில் ஏற்றும்போது வாகனம் லேசாக ஆடும், பத்து முகமும் தீவட்டி வெளிச்சத்தில் அசையும். ஊர் கும்பிடுவது மேலே இருப்பவரை. ஆனால் அவர் வருவது இவன் தோளில்.

முருகன் கதையிலும் இதே தீர்ப்புத்தான். கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபதுமன் தவத்தால் உயர்ந்தவன், தென்கடலில் நகரமைத்து ஆண்டவன், தேவர்களைச் சிறையிட்டவன். சிறையை விடு என்று வீரவாகு தூது வந்தான். உடன்பிறந்த சிங்கமுகனும் அதையே சொன்னான். பிறகு, கும்பகருணனைப் போலவே, அண்ணனுக்காகப் போரிட்டு மடிந்தான். போருக்கு நடுவே முருகன் பேருருவம் காட்டும்போது சூரன் மனம் இளகுகிறான், வணங்கவும் நினைக்கிறான். பேருருவம் மறைந்ததும் பழைய பகை திரும்பிவிடுகிறது. புராணம் எழுதியவரின் உளவியல் நுட்பத்தை இந்த இடத்தில் நான் மிகவும் மதிக்கிறேன். நெகிழ்ச்சியான ஒரு கணத்தைத் திருந்தல் என்று அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மனம் இளகும் காட்சி வந்ததும் வில்லனை நம் பக்கம் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டுகள் பல. கச்சியப்பர் அந்தக் கண்ணீரை நம்பி வேலைக் கீழே வைக்கச் சொல்லவில்லை.

சஷ்டியன்று சூரசம்காரம் நடக்கும் ஊர்களில் சூரன் பொம்மைக்குத் தலை மாற்றுவார்கள். யானைத் தலையைக் கழற்றிச் சிங்கத் தலை, அதைக் கழற்றிச் சூரனின் சொந்தத் தலை. கடைசியில் மாமரக் கிளையைக் கட்டி, வேல் பட்டதும் சேவலைப் பறக்க விடுவார்கள். பிளந்த மரத்தின் ஒரு பாதி கொடியில் சேவல், மறுபாதி மயில். புதுக்கோட்டை மாவட்டத்து விராலிமலையில் முருகன் மயில்மேல் அமர்ந்திருக்கிறான், கோயில் குன்றைச் சுற்றிக் காட்டு மயில்கள் திரிகின்றன. அங்கே படியேறுகிறவர்கள் மயிலுக்கு இரை போடுகிறார்கள். சூரனை நினைத்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆக, மீட்கப்பட்ட பகைவர்கள் தமிழ்க் கோயிலில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தால், சுமக்கிற இடத்தில் இருக்கிறார்கள். ஒருவன் மலையைச் சுமக்கிறான், ஒருவன் முருகனைச் சுமக்கிறான். கருவறை அவர்களுக்கு இல்லை, வெளியேற்றமும் இல்லை. அவர்களுடைய பழைய பெயரை யாரும் அழிக்கவில்லை. ஆண்டுதோறும் அந்தக் குற்றத்தை ஊரறிய நடித்துக் காட்டிவிட்டுத்தான் பெருமையும் தருகிறார்கள். மீட்சி என்பதைத் தண்டனையிலிருந்து தப்புவதாக இந்த மரபு நினைக்கவே இல்லை. காத்தவராயன் கதையிலும் கழுமரம் ஏறிய பிறகுதான் அவன் சாமி.

இதன் மறுபக்கத்தை இராமேசுவரம் சொல்கிறது. இராவணனைக் கொன்ற பழி தீர இராமன் அங்கே சிவனை நிறுவி வழிபட்டான் என்பது தலபுராணம். கொல்லப்பட்டவன் கொடியவன்தான், போர் நியாயமானதுதான், ஆனாலும் கொன்றவனுக்குக் கழுவாய் உண்டு. எதிரியை வீழ்த்தியதும் வெற்றி எக்காளம் ஊதி முடிக்கும் எந்த விளையாட்டிலும் இந்த எண்ணத்தை நான் கண்டதில்லை. பரிவுக்குரிய பகைவன் என்ற சிக்கலுக்கு இது மிகக் கண்ணியமான விடை. அவனை விடுவிக்க வேண்டியதில்லை, ஆனால் அவனை அழித்ததன் பாரத்தை நாம் ஏற்க வேண்டும்.

சோலஸுக்குத் திரும்புகிறேன். 'தி வெயில்கார்ட்' கதையின் மூன்று முடிவுகளிலும் அவன் போய்ச் சேரும் இடம் ஒன்றே. அவன் உயிர் அந்தத் திரையோடு பிணைக்கப்படுகிறது. திரை நிற்கும் வரை அவன் தாங்க வேண்டும். போரிட்டால் வலுக்கட்டாயமாக, ஏமாற்றினால் அறியாமல், மனம் திரும்பினால் தானாக. மனந்திரும்பிய முடிவிலும் அவனுக்கு வீடோ நாடோ கிடைப்பதில்லை, பாரம்தான் கிடைக்கிறது. அந்த வகையில் அது நல்ல முடிவு. கயிலாச வாகனத்தைத் தோளில் ஏற்றிப் பழகியவர்களுக்கு உடனே புரியும் முடிவு.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அவனை மனம் திரும்ப வைப்பவள் மிதால். அவன் பணிந்து நின்ற தலைவி, அவனைப் போருக்கும் பாவத்துக்கும் இழுத்தவள். இனி நீ எனக்குக் கட்டுப்பட்டவனில்லை என்று அவள் விடுவிக்கிறாள். அது ஆணையிலிருந்து விடுதலை, மன்னிப்பு வேறு. அதே கதையில் வாரிக் என்னும் பழைய நண்பன் சோலஸிடம் பேசித் திருப்பலாம் என்று போய், அவன் கையாலேயே சாகிறான். வாரிக் மன்னிப்பானா? இறந்தவனைக் கேட்க முடியாது. அந்த இடத்தில் ஆடுகிறவர் அமர்ந்து அவனுக்காகத் தீர்ப்பு சொல்கிறார். சோலஸின் கதையைப் பத்தாண்டு பின்தொடர்ந்து அவன்மேல் அன்பு வைத்தவர் அவர். அந்த அன்பு உண்மையானது. ஆனால் அடிபட்டவரின் இடத்தில் அமர அது உரிமை தருமா?

தென்னாப்பிரிக்காவில் இந்தக் கேள்வி கதையாக இல்லாமல் சட்டமாகவே எழுந்தது. 1996இல் விசாரணையைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முறைப்படி, அரசியல் நோக்கில் செய்த குற்றத்தை முழுதும் ஒப்புக்கொண்டவருக்குப் பொதுமன்னிப்பு உண்டு. வருந்த வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. நிறவெறி ஆட்சியில் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பீக்கோவின் குடும்பம் அந்தச் சட்டத்தை எதிர்த்து அரசியல் சாசன நீதிமன்றம் போனது, தோற்றது. பிறகு பீக்கோ வழக்கின் போலீஸ்காரர்களுக்கு 1999இல் ஆணையமே பொதுமன்னிப்பு மறுத்தது. நாடு அமைதியாக இருக்க அரசு மன்னிக்கலாம் என்பதில் நியாயம் உண்டு. பீக்கோவின் வீட்டார் கேட்டதிலும் நியாயம் உண்டு. எங்கள் வீட்டுச் சாவை எங்களைக் கேட்காமல் யார் பைசல் செய்வது என்பதுதானே அவர்கள் கேள்வி.

எனவே பரிவுக்குரிய வில்லனுக்கு மீட்சி தகுமா என்றால், என் விடை இதுதான். அவன் கதையை முழுதாகக் கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. கம்பர் கேட்டார், அண்ணா வேறு விதமாகக் கேட்டார். அவனுக்குச் சுமக்க ஒரு பாரம் கொடுத்து ஊருக்குள் வைத்துக்கொள்ளவும் செய்யலாம், கோயில்கள் அதைச் செய்திருக்கின்றன. மன்னிப்பு மட்டும் தீங்குபட்டவரிடமிருந்தே வர வேண்டும். அவர் மறுத்தால் கதை அதோடு நிற்கத்தான் வேண்டும்.

கதை எழுதுகிறவர்களுக்கு இதை எப்படிச் செய்வது என்ற கவலை வேண்டாம், இராமாயணத்திலேயே வழி இருக்கிறது. போர் முடிந்தது. சேதி சொல்ல அனுமன் அசோகவனத்துக்கு வருகிறான். இத்தனை மாதமும் சீதையை மிரட்டி வதைத்த காவல் அரக்கியரைக் கொல்ல அனுமதி கேட்கிறான். அவன் கோபம் நியாயமானது, அவர்கள் செய்ததை அவன் மரத்தின் மேலிருந்து கண்ணால் பார்த்தவன். ஆனாலும் அவன் தானாகக் கை ஓங்கவில்லை, சீதையைக் கேட்கிறான். அரக்கியர் அவள் காலடியில் அடைக்கலம் புகுகிறார்கள். இவர்கள் இராவணன் ஏவியதைச் செய்தவர்கள், விட்டுவிடு என்கிறாள் சீதை. அடிபட்டவள் அவள், விடுவித்தவளும் அவளே. ஏவியவன் மேல் இருந்த குற்றத்தை அவள் அப்படியே ஏவியவன் மேலேயே விட்டுவைத்தாள்.

ஒரு விளையாட்டில் இந்தக் காட்சியை வைக்கலாம். ஆடுகிறவர் அனுமனாக நிற்கட்டும். கையில் வலிமை இருக்கும், நெஞ்சில் கோபமோ இரக்கமோ இருக்கும். அவர் தேர்ந்தெடுக்கக் கூடியது ஒன்றுதான்: அவளைக் கேட்பதா, கேட்காமலே முடித்துவிடுவதா. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது அவர் கையில் இருக்கக் கூடாது.